துருக்கி வேற்றுமையும் அப்பாவின் பெயரும்

காலண்டர் தாளில் செம்பனை வாசனை... இன்றைக்கும் மூக்கிலேயே நிற்கிறது.

அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். எவ்வளவு சோப்பு போட்டாலும் கையில் அந்த வாசனை போகாது. அந்தக் கையால்தான் பழைய காலண்டரைச் சின்னச் சின்ன அட்டையாக வெட்டிக் கொடுத்தார்.

நான் துருக்கி மொழி படிக்க!

மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங்கில் உட்கார்ந்துகொண்டு துருக்கியா என்று சிரிக்காதீர்கள். அங்கே ஒரு யூனிவர்சிட்டியில் இடம் கிடைக்கும் போல இருந்தது. ஆரம்பநிலை டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தலைவலி வேற்றுமை. எவ் என்றால் வீடு. எவி, வீட்டை. எவே, வீட்டுக்கு. எவ்தே, வீட்டில். எவ்தென், வீட்டிலிருந்து. எவின், வீட்டின்...

தமிழ்ப்பள்ளியில் ஐ, ஆல், கு என்று கத்திய எனக்கு இரண்டே நாளில் பிடிபட்டது. நம்முடையது போலவே சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. சொல்லின் ஓசையைப் பார்த்து 'தே' சில இடத்தில் 'தா' ஆகும்.

"அப்ப லோரிக்கு என்னம்மா?" என்று கேட்டார் அப்பா.

"கம்யோன்பா. லோரியிலன்னா கம்யோன்தா."

அன்றிலிருந்து அம்மா போன் போட்டு எங்கே என்று கேட்டால், "கம்யோன்தா லா!" என்பார் அப்பா. அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

டெஸ்டுக்கு ஆன்லைனில் பதிந்தேன். குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் கவிதா ஏ/பி முனியாண்டி. ஏ/பி என்றால் இன்னாரின் மகள். நடுவில் உள்ள அந்தச் சாய்ந்த கோட்டை ஆன்லைன் படிவம் ஏற்கவே இல்லை.

"ஏ/பிய எடுத்துட்டு என் பேரக் குடும்பப் பேரு இடத்துல போட்டுரும்மா" என்றார் அப்பா.

போட்டேன்.

டெஸ்ட் அன்று அப்பா லீவு எடுத்து, கூட்டாளி காரில் கோலாலம்பூர் கூட்டிப் போனார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். லிஸ்ட்டில் ஏ/பி இல்லாத பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயராம். கெஞ்சினேன். அழுதேன். அடுத்த டெஸ்டுக்குள் யூனிவர்சிட்டி விண்ணப்பத் தேதியே முடிந்துவிடும்.

பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தவளைப் பார்த்து, குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார் அப்பா. நடந்ததைச் சொன்னேன். காரில் கேட்டார்.

"என் பேரப் போடச் சொன்னதாலயாம்மா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இல்லப்பா என்று ஒரு வார்த்தை... சொல்லியிருக்கலாம். அவர் பிறகு கேட்கவும் இல்லை, 'கம்யோன்தா' சொல்லவும் இல்லை.

இப்போது குவாலா சிலாங்கூரில் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை. தினமும் யார் யாருடைய படிவத்தையோ நிரப்புகிறேன். அட்டைகள் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன, வாசனைதான் போய்விட்டது.

போன வருடம் அப்பா இறந்ததைப் பதியப் போனேன். தகவல் தருபவர் என்ற இடத்தில் கவிதா ஏ/பி முனியாண்டி என்று எழுதினேன். அந்தக் கோடு, அவர் பெயர், எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்கு யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.