தொண்ணூற்றிரண்டு ஓட்டு வாங்கித் தோற்றேன்

தொண்ணூறுகளின் தொடக்கம். மொரிஷியஸில் பிளேன் மாக்னியன் பக்கம் ஒரு ஸ்வெட்டர் ஆலை. மதுரையிலிருந்து போன நான் அங்கே பின்னல் மெஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். வேலையும் தெரியும், பேச்சும் வரும். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தொழிலாளர் குழுவுக்குத் தலைவர் தேர்தல் வந்தது. மொத்தம் நூற்றறுபது பேர். அதில் அறுபது பேர் எங்கள் பின்னல் பகுதி. எப்போதும் நீங்கள்தானே ஜெயிப்பீர்கள் என்று மற்றப் பகுதிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நான் எழுந்து, அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்கினேன். பத்துப் பேருக்கு ஓர் இடம். ஒரு பகுதியில் யார் முந்துகிறாரோ, அந்தப் பகுதியின் எல்லா இடங்களும் அவருக்கே. பின்னல்காரர்கள் அத்தனை பேரும் ஒருவருக்கே போட்டாலும் ஆறு இடம்தான். மொத்தம் பதினாறு இடம். ஒன்பது கிடைத்தால் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் வேறு கணக்கு. பின்னலின் ஆறு இடம் கைவசம். அயர்ன் பகுதியின் மூன்று வந்தால் முடிந்தது வேலை.

என்னை எதிர்த்து நின்றவர், ஸ்வெட்டருக்குக் கழுத்து இணைக்கும் பகுதியில் வேலை பார்த்த ஒரு பெண். செமின் கிரனியே ஊர்க்காரர். ஆலை பஸ் அந்த ஊர்ப் பெண்களை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடும். ஓவர்டைம் முடிந்து கரும்புத் தோட்டத்து வழியாக இருட்டில் நடப்பார்கள். ஒருமுறை எவனோ ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். பஸ் ஊருக்குள் வர வேண்டும் என்பதற்காகத்தான் அவர் நின்றார். நான் நாற்காலிக்காக நின்றேன்.

ஓட்டு எண்ணினார்கள். எனக்குத் தொண்ணூற்றிரண்டு, அவருக்கு அறுபத்தெட்டு. நான் எழுந்து கும்பிடு போடவே ஆரம்பித்துவிட்டேன். பிறகு பகுதி பகுதியாகப் பார்த்தார்கள். பின்னல் தவிர மூன்று பகுதிகளும் அவருக்கு. அவருக்குப் பத்து இடம், எனக்கு ஆறு.

வேண்டுமானால் தலைக்கு ஓர் ஓட்டு என்றே கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது, பொய் சொல்வானேன். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "அண்ணே, லால்வா நீங்க போட்டது" என்றார். கிரியோலில் லால்வா என்றால் சட்டம். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்தான் தலைவர் என்று நானே அறிவித்தேன்.

மறுநாள் அயர்ன் பகுதிக்குப் போனேன். நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நீராவி முகத்தில் அடித்தது. ஒரு ஃபேன்கூட இல்லை. அந்தப் பெண்ணோ டீ நேரத்தில் தினமும் அங்கே வந்து உட்கார்வாராம்.

அடுத்த வாரம் என்னிடமே வந்தார்.

"அண்ணே, பஸ்ஸுக்கு மேனேஜருக்கு லெட்டர் நீங்க எழுதுங்க. எனக்கு இங்கிலீஷ் கஷ்டம்."

எழுதிக் கொடுத்தேன். பஸ் ஊருக்குள் போனது. கேட்காமலே அயர்ன் பகுதிக்கு ஃபேனும் சேர்த்து எழுதியிருந்தேன்.

அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம், அதிக ஓட்டு வாங்கியவர் தோற்கலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். தோற்கலாம், நானே தோற்றிருக்கிறேன் என்று நிமிர்ந்துதான் சொல்வேன். அன்று தப்பாகப் போனது நான் போட்ட சட்டம் இல்லை, காலடி வைக்காத அறையில் எனக்கு ஓட்டு இருக்கிறது என்று நான் போட்ட கணக்கு.