எத்தனை கிலோ?

ரிங்லெட் என்ற மலையூரை ஒட்டிய தேயிலைத் தோட்டத்து கிளினிக்கில் டாக்டருக்குப் பதிலாக ஒரு டிரசர் இருந்தார். ஒல்லியான ஆள், காதில் செருகிய பேனா. தோள்வலி என்று யார் வந்தாலும் தொட்டுப் பார்க்கும் முன்பே, "எத்தனை கிலோ?" என்பார்.

எனக்கு முன்னால் நின்ற கொழுந்து பறிக்கும் பெண், "நாப்பது கிலோ மூட்டைங்கய்யா" என்றார்.

ஐம்பத்தெட்டு வயதில் பூப்பந்து ஆடி, தோள்மூட்டு நீர்ப்பை வீங்கி, மட்டையும் கையுமாக வந்து நின்றவன் நான். "எண்பத்தஞ்சு கிராம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வீக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"ஒரு மாசம் எதையும் தூக்கக்கூடாது லா சார்." பிறகு அந்தப் பெண்ணிடம், "சாரோட பேட்ட கார் வரைக்கும் தூக்கிட்டுப் போங்கக்கா" என்றார்.

அது கேலியா, கரிசனமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நானோ மட்டையை அந்தப் பெண்ணிடம் நீட்டியேவிட்டேன்.