பூனை நம்பிய கோட்டு

ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் தோல் குடோனுக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பால் மறந்ததும் இரண்டு குட்டிகளையும் என்னோடு தைக்கிற பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப்போனார்கள். தாயை யாரும் கேட்கவில்லை. நாய்கள் துரத்திக் கடித்ததில் அதற்குப் பின்னங்காலில் காயம். நான் தூக்கிவந்தேன்.

வந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்தது. நான் இருந்தால் பாலைத் தொடாது. மணல் பரப்பிய பழைய குண்டானை விட்டுவிட்டு என் கணவரின் செருப்பை நனைத்தது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

தோல் நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாதென்று கம்பெனிப் பெண்கள் வீடு திரும்பியதும் முதலில் குளிப்போம். நானும் குளித்து, பவுடர் பூசி, பால் கிண்ணத்தோடு பத்து நாள் கெஞ்சினேன். ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. எரிச்சலில் கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தேன். பூனை மெதுவாக வந்து கோட்டை மோந்து பார்த்து, மடியில் ஏறிப் படுத்தது. குடோனில் வளர்ந்ததற்கு அதுதான் பழகிய வாசனை. என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

பழைய கோட்டு ஒன்றைத் துவைக்காமல் விரித்தேன். தினம் இரண்டு முழம் நகர்த்தி, கட்டிலடியிலிருந்து ஜன்னல் வரை கொண்டுவந்தேன். பூனையும் கூடவே வந்தது. கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் பிரசவத்துக்கு வருவதாகப் பேச்சு வந்தது.

"பச்சக் கொழந்த வர்ற வூட்ல பூன இன்னாத்துக்கு?" என்றார் கணவர்.

"வர்றப்ப பாத்துக்கலாங்க," என்றேன். தலையாட்டினார்.

மறுவாரம் வேலை முடிந்து வந்தால் ஜன்னல் காலி.

"கதவு தொறந்து கெடந்துச்சு. அதுவே போய்ட்டுச்சு," என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். வாசலில் நின்ற அவர் வண்டியின் பெட்டியில் என் பழைய கோட்டும் ஒரு கோணியும் சுருண்டு கிடந்தன. கோணி முழுக்க நகக் கீறல். எடுத்துவந்து முன்னால் போட்டேன்.

"கோட்டக் கோணிக்குள்ள வச்சேன், தானா உள்ள போச்சு. ஜாஸ்தி பேஜார் பண்ணல. பாலாத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டேன்," என்றார், கெட்டிக்காரத்தனம் செய்தவர்போல.

பதினேழு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். அந்தச் சண்டைக்குப் பயந்து, என் வாசனையைக் காட்டியே ஒரு வாயில்லா ஜீவனை நம்பவைத்துக் கழுத்தறுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதே கோட்டைப் போட்டுக்கொண்டு பாலாற்றைத் தாண்டிப் போனேன். ஒரு கறிக்கடையின் பின்சுவரோரம் பூனை பின்னங்காலைத் தூக்கியபடி நின்றது. கூப்பிட்டேன். குரலைக் கேட்டுப் பக்கத்தில் வந்தது. கோட்டை மோந்ததும் முதுகு மயிர் சிலிர்த்து, சுவரேறிக் குதித்து ஓடிவிட்டது.

அங்கேயே கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டேன். வரவில்லை.