பல்லில் பறி, கழுத்தில் விசில்

பொன்னேரி ஸ்டேஷனில் காவலாளி விசில் ஊதினால் இன்றைக்கும் என் வாயில் பனையோலை ருசி வந்துவிடும். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறவர்களை விரட்டத்தான் அந்த மனுஷர் ஊதுகிறார். நானோ பிளாட்பாரத்து ஓரம் போய் எச்சிலைத் துப்பிவிட்டு வருகிறேன். பார்க்கிறவர்கள் முறைக்கிறார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன.

ஓலை ருசி என்றால் பறியின் ருசி. தோணிரேவு என்ற ஏரிக்கரைக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட புதிதில், பெண்கள் நாங்கள் கடலோடு கலக்கும் அந்த ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் நகர்ந்தபடி அடிச்சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வோம். வாய் அடைத்திருப்பதால் ஊர்வம்பு பேசுவது முழுக்க மூக்கால்தான்.

கடல் வழியாக வந்த தீவிரவாதிகள் ஒரு பெரிய நகரத்தில் புகுந்து ஜனங்களைச் சுட்டது அப்போதுதான். ஆண்கள் தொழிலுக்குப் போய்விடுகிறார்கள், பெண்கள்தான் கரையைக் கவனிக்க வேண்டும் என்று போலீஸ் வந்து சொன்னது. நானாகத்தான் பேர் கொடுத்தேன். டிவியில் பார்த்ததற்கப்புறம் சும்மா இருந்தால் இன்னும் பயமாக இருந்தது. ஆளுக்கொரு விசில் கொடுத்தார்கள், கூப்பிட ஒரு போன் நம்பரும்.

"தீவிரவாதி எப்பிடி சார் இருப்பான்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மல்லிகா.

"நம்மள மாதிரியேதாம்மா இருப்பான்" என்றார் ஏட்டு.

அந்தப் பதிலோடு என் நிம்மதி போயிற்று. ஐஸ் பெட்டி இறக்க வந்த வேன்காரரை நானும் மல்லிகாவும் வேலியோரம் நின்று அப்படி வேவு பார்த்தோம், பாவம், மறுநாள் அவர் வரவேயில்லை.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீடு ஏரிக்கு வடக்கே, ஆந்திரக் கரையில். நினைத்தால் தோணியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் என்னைப் பார்க்க வருவார். பனியில் வருகிறவர்கள், தண்ணீரில் நிற்கும் பெண்கள்மேல் மோதிவிடாமல் இருக்க, கழியால் தோணியில் இரண்டு தட்டு தட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நைனா மூன்று தட்டுவார். மூன்றாவது எனக்கு.

ஒரு மார்கழிக் காலை, தட்டாமல் ஒரு தோணி வந்தது. நான் பார்த்தேயிராத புதுச் சாயம். முகத்தைத் துண்டால் மூடிய இரண்டு பேர். நடுவில் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று. எனக்குத் தாடை பூட்டிக்கொண்டது. பறியை வாயிலிருந்து கையால் பிடுங்கி எறிந்தேன். பிடித்த இறால் அத்தனையும் போயிற்று. விசிலுக்குள் தண்ணீர், ஊதினால் குமிழிதான் வந்தது. உதறிவிட்டு மறுபடி ஊதினேன்.

தோணி சட்டென்று பின்வாங்கியது. மீன்பிடி எல்லை தாண்டியதற்கு நாங்கள் சண்டைக்கு வருகிறோம் என்று அவர்கள் பயந்திருக்கிறார்கள். தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று நாங்கள் பயந்தோம். கரையில் இருந்தவர்கள் படகில் போய் மறித்துக் கரையோரம் ஒதுக்கினார்கள். மல்லிகா போன் போட்டாள்.

"யாரும் கிட்ட போவாதீங்க. நாங்க வர்ற வரிக்கும் அப்பிடியே நிக்க வைங்க" என்றார் ஏட்டு.

நிற்க வைத்தோம். அவர்கள் தெலுங்கில் கத்திக்கொண்டே இருந்தார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. தார்ப்பாய் அசைந்தது. "ஐயோ, உள்ள இன்னாடி அது?" என்று மல்லிகா என் கையைப் பிடித்தாள். அதை உதறிவிட்டு முதலில் பின்னால் ஓடியவள் நான்தான்.

போலீஸ் வந்து தார்ப்பாயைத் தூக்கியது. உள்ளே நைனா, ஜுரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட. கறுப்பாக இருந்த அவருடைய தோணிக்கு, பாதுகாப்புக்காக மாநிலத்துக்கொரு நிறம் என்று போட்ட உத்தரவுப்படி புதுச் சாயம் அடித்திருந்தார்கள். கூட வந்தவர்கள் நைனா ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள். தட்டும் வழக்கம் தெரியாது. என் வீட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரி கிட்ட என்று அழைத்து வந்திருக்கிறார்கள்.

"நீயா பாப்பா ஊதின?" என்றார் நைனா. தலையாட்டினேன். "கெட்டியாத்தான் ஊதற."

பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் போன் வரும். "நான்தாம்மா வரேன். தோணில ரெண்டு பேரு. ஊதிடாத, இன்னா?" சிரித்துக்கொண்டேதான் சொல்வார், நானும் சிரிப்பேன்.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். விசில் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ தெரியாது. ஆனால் போன் செய்து வந்த அத்தனை வருஷமும் அவர் இரண்டு தட்டுத்தான் தட்டினார். மூன்றாவது என்ன ஆயிற்று நைனா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.