சந்தனப் பொட்டு வைத்த துவக்கு

ஒரு வருடம் எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசையில் ஒரு துவக்கும், அதாவது துப்பாக்கியும், இருந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டோர்செட் பார்க்கில், எட்டாம் மாடியில், உடுப்பு அலுமாரியின் கதவைக் கழற்றிவிட்டு அம்மா உண்டாக்கியிருந்த சாமியறையில், என் கணக்குப் புத்தகத்துக்கும் அப்பாவின் குறட்டுக்கும் நடுவில் அது சந்தனப் பொட்டோடு கிடந்தது. வந்து அவலும் கடலையும் சாப்பிட்டுவிட்டுப் போன சனத்தில் ஒருவருக்கும் அது துவக்கு என்று தெரியாது. பொட்டு வைத்த அம்மாவுக்கே தெரியாது. தெரிந்தது சின்னம்மாவுக்கும், ஒன்பது வயதுக்காரியான எனக்கும் மட்டும்தான்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார், என் அறையில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவருடையது. அப்படி ஒரு ஆளை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. போட்டுக் கிழிந்த சப்பாத்தைப் பில் இல்லாமல் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசோடு வருவார். பஸ் நிற்காமல் போனால் அடுத்த சிக்னல் வரைக்கும் பனியில் ஓடிப்போய்க் கதவில் தட்டுவார். வங்கிக்குப் போகும்போது அப்பாகூட அவரைத்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார். நான் பெரியவளானால் டொக்டராக வருவேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ சின்னம்மாவாக வருவதென்று முடிவு செய்திருந்தேன்.

அவர் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதி இருந்தாள். சனிக்கிழமைகளில் அவளுடைய காரில் ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு கிளப்புக்குப் போவார்கள். அப்போது அங்கே எங்கடை ஆக்கள் வீடு வாங்கத் தொடங்கவில்லை. வெறும் சோள வயல்தான். என்ன கிளப் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பூப்பந்து என்று அப்பா தானாகவே நினைத்துக்கொண்டார். பிறந்தநாளுக்கு ஒரு நல்ல றாக்கட் வாங்கித் தரட்டோ என்று அவர் கேட்ட அன்றுதான் விசயம் வெளியில் வந்தது. அது குறி பார்த்துச் சுடுகிற கிளப். சின்னம்மா வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, பொலிசில் லைசன்சும் எடுத்திருந்தார். இனிச் சொந்தமாக ஒன்று வாங்கப் போவதாகவும் சொன்னார்.

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உதுக்குப் பயந்துதானேயடி எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தனாங்கள். நீ என்னண்டா காசு குடுத்து வாங்கப் போறாய். இந்த வீட்டுக்குள்ளை துவக்கு வந்தா நீ இங்கை இருக்கேலாது. சொல்லிப்போட்டன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். ஜன்னல் பக்கத்துக் கட்டில் வெறுமையாகக் கிடப்பதை நினைத்து நான் போர்வைக்குள் அழுதேன். எனக்கு இரண்டும் வேண்டும். சின்னம்மாவும் வேண்டும், அவருக்கு அந்தத் துவக்கும் வேண்டும்.

சின்னம்மா வாதாடவில்லை. சில கிழமை கழித்து, மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, மெதுவாக ஒரு கதை விட்டார். ஒரு சாமான் வாங்கப் போகிறாராம். குழாய் இல்லை, விசை இல்லை, தோளில் வைக்கிற பிடியும் இல்லை.

"ஒரு அலுமினியக் கூடுதான் அக்கா. உள்ளுக்கு வெறும் ஓட்டை."

"கூடெண்டா வைச்சிரு. துவக்கு வரப்படாது," என்றார் அம்மா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இரண்டு பஸ் மாறி, என்னையும் கூட்டிக்கொண்டு சின்னம்மா கடைக்குப் போனார். கணவனுடைய பிறந்தநாளுக்கா என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு, என்று ஒற்றைச் சொல்லில் சின்னம்மா சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மூன்று கறுப்புக் கூடுகளை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்தார். ஒவ்வொன்றும் என் பென்சில் பெட்டியளவுதான் இருக்கும். நடுவில் இருந்தது பளபளவென்று மின்னியது. அதுதான் நல்லது என்று நான் உடனே தீர்ப்புச் சொன்னேன்.

சின்னம்மாவுக்கு அவசரமே இல்லை. தோட்டாப் பெட்டி ஒன்றை வெறுமையாகக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்தார். முதலாவதில் அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பிறகு கூட்டையும் குழாய்ப் பகுதியையும் இணைக்கிற ஊசியைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். மின்னியதில் அழுத்தித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மூன்றாவதில் அது தானாகவே வழுக்கிக்கொண்டு போய் இருந்தது. அதை ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, எல்லா ஓட்டைக்குள்ளாலும் பார்த்தார். சேலைக்கடையில் கரை பார்க்கும்போது அம்மாவின் முகம் எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது அந்த முகம். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதிலை கீறல் கிடக்கு சின்னம்மா," என்றேன்.

"கீறல் வெளியிலைதானே. உள்ளுக்கு எல்லாம் நேராக் கிடக்கு."

பதிவெழுதும்போது கடைக்காரர் அதன் பக்கத்தில் வெட்டியிருந்த இலக்கத்தைக் காட்டினார். குழாயும் பிடியும் விசையும் வெறும் சாமான்கள், சட்டத்துக்குத் துவக்கு என்பது இந்தக் கூடு மட்டும்தான், வீட்டில் எப்போதும் பூட்டி வைக்க வேண்டும் என்று சொன்னார். சின்னம்மா ஆச்சரியப்படவே இல்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அம்மாவிடம் கூடு என்று சொல்லி முழுத் துவக்கையுமல்லவா வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறார். திரும்பி வரும் வழியெல்லாம் பெருமையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பொலிசின் அனுமதி வந்து, கூடு சின்ன இரும்புப் பெட்டியில் வீட்டுக்கு வந்தபோது நவராத்திரி. பூசையன்று அம்மா வழக்கம்போல ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, படிக்கிறதை, தொழில் செய்கிறதைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். நான் புத்தகங்களை வைத்தேன். அம்மா தன் தையல் கத்தரிக்கோலை வைத்தார். சின்னம்மா பெட்டியைத் திறந்து கூட்டை எடுத்து வைத்தார். எவ்வளவு துணிச்சல்! அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்து அதற்கும் ஒன்று வைத்தார். டாக்சி ஓடும் அங்கிள் ஒருவர் அது கியர்பொக்ஸின் சாமான் என்று அடித்துச் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடினேன்.

சனம் போனதும் சின்னம்மா இரும்புப் பெட்டியோடு வந்தார். அம்மா மறித்தார். படைத்த சாமானை விஜயதசமி விடிய ஏடு எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அது எங்கள் வீட்டில் நெடுநாள் முறை.

"இரவைக்குப் பூட்டி வைக்கவேணும் அக்கா."

"ஆரடி உந்தக் கூட்டைக் களவெடுக்கப் போகினம்? கிடக்கட்டும்."

சின்னம்மா சரியென்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு இரவுதான். யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பின்னால் நின்று, போங்கோ, போங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன். அவர் போகவில்லை.

"பூட்டி வைக்கிறனெண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சனான். அக்கா, உதுதான் துவக்கு. மிச்சமெல்லாம் பிறகு பூட்டுற சாமான்."

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். கட்டில் போய்விட்டது, சின்னம்மா போய்விட்டார் என்றே நினைத்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. யாரும் தொடக்கூடாது என்று சொன்ன அம்மாவே குனிந்து அதை எடுத்தார். உதோ, உதோ என்று இரண்டு தரம் கேட்டார். திருப்பிப் பார்த்தார். வெறும் ஓட்டைக்குள்ளால் விளக்கு வெளிச்சம் தெரிந்தது.

"ஊரிலை நாங்கள் உதை எப்பவும் முன்பக்கத்தாலைதானே அக்கா பாத்தனாங்கள்," என்றார் சின்னம்மா.

அம்மா அதிலிருந்த சந்தனப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எதைச் சுடுறனி?"

"கடதாசியைத்தான்."

அம்மா அதைச் சின்னம்மாவின் கையில் கொடுத்தார். "கொண்டுபோய்ப் பூட்டு. விடியத் திரும்ப இதிலை இருக்கவேணும். ஏட்டோடை சேத்துத்தான் எடுக்கிறது."

சின்னம்மா எங்களோடு இன்னும் பல வருடம் இருந்தார். பொட்டு வைத்ததைத் திருப்பி அனுப்பினால் சரஸ்வதி கோபிப்பாள் என்று பயந்துதான் அம்மா விட்டுக்கொடுத்தார் என்று அன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சின்னம்மா சொன்னதில் ஒன்றுமட்டும் பிடிபடவில்லை. விடிய அது மறுபடி சாமியறைக்கு வந்ததும், அவர்கள் அப்படி என்னத்தைப் பார்த்தார்கள் என்று நானும் பார்க்க விரும்பினேன். சின்னம்மா பக்கத்தில் நிற்க, குனிந்து, நாலு பக்கத்தாலும் பார்த்தேன். குழாய் இல்லாத அந்தக் கூட்டுக்கு முன்பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை.