சேவூரில் குமுதாவின் மதியச் சாப்பாடு

ஆரணிக்கு எப்படிப் போவது, புடவை எங்கே எடுப்பது என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். வழி சொல்கிறேன், கடை சொல்லத் தெரியாது. அந்த ஊருக்கு நான் முதல்முறை போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம். புடவைக்காக இல்லை. ஒரு பெண்ணைத் திரும்ப அழைத்து வருவதா, அங்கேயே விட்டு வருவதா என்று பார்க்கப் போனேன்.

அப்போது வேலூர்ப் பக்கம், பார்வையில்லாத பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் நான் கைவேலை டீச்சர். பதினெட்டு முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகளின் பாடு கடவுள் விட்ட வழி. குமுதா கொஞ்சம் அதிர்ஷ்டக்காரி என்று நினைத்திருந்தோம். ஆரணியை ஒட்டிய சேவூரில் நெசவாளர் வீட்டுப் பெண். ஊருக்குப் போனதும் பாவு பிணைக்கப் பழகிக்கொண்டாள். தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரு பாவு தீரும்போது, மிச்சமிருக்கும் ஒவ்வொரு பழைய இழையோடும் ஒரு புது இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். அதற்கென்றே வீடு வீடாகப் போகிற பெண்கள் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் பழகியும் குமுதாவை யாரும் வேலைக்கென்று கூப்பிடவில்லை. ஹாஸ்டலிலேயே மறுபடி வைத்துக்கொள்ளச் சொல்லி அவள் அம்மா சரோஜா ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

வேலூரிலிருந்து ஆரணி சுமார் நாற்பது கிலோமீட்டர். நான் ஏறியது காலை ஆறரை மணி பஸ். ஒன்றரை மணி நேரம் ஆகும். பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிற ரகம் நான். கண்ணமங்கலத்தில் விழித்தபோது பனிக்குள் ஒரு டீக்கடை விளக்கு மட்டும் தனியாகத் தெரிந்தது.

"எறங்கி ஒரு டீ சாப்புடுங்கம்மா. இந்தப் பனியில ஜல்தியா போயி என்னா பண்ணப் போறோம்?" என்றார் டிரைவர்.

டீ குடித்தேன், மறுபடி தூங்கினேன். ஆரணியில் டவுன் பஸ் மாறி, பத்து நிமிடத்தில் சேவூர். வயல்கள் முடிந்து தெரு தொடங்கும் இடத்தில் தறிச் சத்தம் கேட்டது. இன்னும் தூக்கத்துக்குள்தான் கேட்கிறதோ என்று கொஞ்ச நேரம் சந்தேகமாக இருந்தது.

சரோஜா ஸ்டாப்பில் காத்திருந்து என்னை ஒரு தறி வீட்டுக்குக் கூட்டிப் போனார். வீட்டுக்காரம்மா பெயர் தனலட்சுமி. அங்கே தறிக்குப் பின்னால், இழை வழுக்காமலிருக்க விரல் நுனியில் சாம்பல் தொட்டுக்கொண்டு குமுதா உட்கார்ந்திருந்தாள். கிளிப்பச்சைப் பட்டு. வெயில் படாத இடத்தில் இழை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அவள் காற்றைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்ப்பது போலிருந்தது. வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவளுக்குக் கொடுத்திருந்தது ஓரத்தில் ஒரு கை அகலம்தான். மிச்சத்துக்கு நாளை வேறு ஆள் வருவதாகச் சொன்னார்கள்.

மத்தியானம் சரோஜா வீட்டுக்குப் போய் டிபன் கேரியரோடு திரும்பி வந்தார். தனலட்சுமியிடம் நான் நேராகவே கேட்டேன்: "நன்றாகத்தானே செய்கிறாள்? முழுப் பாவையும் ஏன் கொடுப்பதில்லை?"

"நல்லாத்தான் செய்யுது டீச்சர். ஆனா வேலைக்கின்னு வர ஆளுக்கு நாங்கதான் சோறு போடணும், எங்க தெருவுல அதான் வழக்கம். இவங்க தெனம் கேரியர் தூக்கிகினு வராங்க. பழக வர புள்ளைன்னுதான் நாங்க நெனச்சிகினு இருக்கோம்."

சரோஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதாக்கா அந்த வழக்கம்? அடுத்த வீட்டுல எலையத் தடவிகினு, மேல சிந்திகினு சாப்புடும். யாராவது சிரிச்சிட்டா? அதனாலதான் கொண்டாறேன்."

குமுதா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சிந்தினா தொடச்சிக்கிறேம்மா. கேரியர டீச்சருக்குக் குடு. காலைல இருந்து அவங்க எதுவும் சாப்புடல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தனலட்சுமி இன்னொரு இலையை எடுத்து விரித்தார்.

நானும் சரோஜாவும் வெளியே எதிர்ச்சுவர் நிழலில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தோம். கத்தரிக்காய் சாதம். உள்ளே பேச்சு, ஒரு சிரிப்பு, மறுபடி பேச்சு. சிரித்தது யார் என்று சரோஜா எழுந்து பார்க்கப் போனார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஆஸ்டல்ல இருந்த நாளு போவ, அது துன்ற ஒவ்வொரு வாயும் எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார். "இன்னிக்கி உள்ள என்னா கொழம்புன்னே தெரியலையே."

சாப்பாட்டுக்கு அப்புறம் நாளைக்குச் சொல்லியிருந்த ஆளை வரவேண்டாமென்று சொல்லி அனுப்பினார் தனலட்சுமி. குமுதா ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

போகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். தை மாதம் நல்லது. பனிக்கு ஒரு சால்வை போதும். ஆரணியிலிருந்து சேவூருக்கு டவுன் பஸ் உண்டு. பக்கத்திலேயே சமணக் கோயில் உள்ள திருமலைக் குன்றையும் பார்க்க ஆசை இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். வளர்ந்த பிள்ளையை வேலையில் விடப் போகிறீர்கள் என்றால் அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் வேண்டாம். சாயங்காலம் வரை வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அது சுலபமில்லை.

இருட்டுகிற நேரத்தில் குமுதா கைத்தடியோடு வெளியே வந்தாள். சரோஜா அவள் தாவணியில் கறை தேடினார். இருந்தது, ரசக் கறை.

"என்னா கொழம்பு?" என்று மட்டும் கேட்டார்.

"நல்ல கொழம்பு," என்றாள் குமுதா. எங்களுக்கு முன்னால் நடந்தாள்.