மீட்டர் நடை

கதிர்காமநாதனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருடைய மனக்குறை.

நோய் முழுவதையும் நண்பர் அரியரத்தினம் எடுத்துக்கொண்டுவிட்டார். நடக்கும்போதே கால் தரையோடு ஒட்டிப்போகும் நோய்; பார்க்கின்சன் என்று அதன் பெயர்கூட எடுப்பாக இருந்தது. மெல்பேர்ன் தமிழர் எந்த வீட்டில் கூடினாலும் சாய்கதிரை அவருக்கு, முதல் தேநீர் அவருக்கு. அதையாவது பொறுக்கலாம். ஆனால் கதிர்காமநாதனின் மனைவி வைதேகி, ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் பகுதியில் வேலை செய்பவள். புதன்கிழமைதோறும் அரியரத்தினத்தின் இரு கைகளையும் பிடித்து, தான் பின்பக்கமாக நடந்தபடி, "ஒண்டு, ரெண்டு" என்று முகம் பார்த்து எண்ணுவாள். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் தன் முகத்தைப் பார்த்து அவள் ரெண்டு வரை எண்ணியதாகக் கணவருக்கு ஞாபகம் இல்லை.

இத்தனைக்கும் நடையில் கெட்டிக்காரர் அவர்தான். நில அளவையாளர். இலங்கையில் அவருடைய அடி முப்பது அங்குலம், கூடாது, குறையாது. ஆஸ்திரேலியா மீட்டருக்கு மாறியபோது அவரும் மூன்று மாதம் வீட்டின் பின்வளவில் பழகி, அடிக்கு ஒரு மீட்டர் என்று காலை மாற்றிக்கொண்டார். வீதிப் பலகைகள் மாறியதைப் பத்திரிகைகள் எழுதின. இதை ஒருவரும் எழுதவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு ஆகஸ்டில், அங்கே அது குளிர்காலம், மூன்று குடும்பங்கள் டொனா புவாங் மலைக்குப் பனி பார்க்கப் போயின. மலையோரத்து மரவேலி வரை நடந்து பள்ளத்தாக்கைப் பார்க்க அரியரத்தினத்துக்கு ஆசை. வைதேகி காருக்குள்ளேயே சட்டம் வகுத்துவிட்டாள்.

"அண்ணை, கையைப் பொக்கற்றுக்குள்ள விடாதேங்கோ. சின்ன அடி, பாதம் முழுக்கப் பதியவேணும். நடக்கேக்க கதை வேண்டாம். கால் ஒட்டிப்போச்சுதெண்டா இழுக்காமல் நில்லுங்கோ. நான் முன்னால அடி பதிச்சுக்கொண்டு போவன். அதுக்குள்ள காலை வையுங்கோ. அடையாளத்தைக் கண்டா உங்கட கால் கேக்கும்."

முன்னால் அடி பதிப்பதாம்! கதிர்காமநாதன் கதவைத் திறந்து இறங்கினார்.

"நீர் விலகும். அடி வைக்கிறது என்ர தொழில்."

மறுமொழிக்குக் காத்திராமல் நடந்தார். பனியில் குழிகள் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மீட்டர், மயிரிழை பிசகவில்லை.

அரியரத்தினம் முதல் குழிக்குள் காலை வைத்தார். அடுத்த குழி எங்கேயோ இருந்தது. காலை எட்டி வைக்க முயன்றார். கால் ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் முன்னே சாய்ந்தது. பக்கத்தில் கண்ணாடி போல உறைந்த பனிக்கட்டி. விழுந்தால் இடுப்பெலும்பு மிஞ்சாது.

வைதேகி பின்னாலிருந்து அவருடைய பெல்ற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "இஞ்சருங்கோ! ஆரின்ர காணியை அளக்கிறியள்? மனுசன் விழப்போறார்!"

கதிர்காமநாதன் திரும்பினார். அந்தக் குளிரிலும் நண்பரின் முகம் வியர்த்திருந்தது. அதைக் கண்டதும் இவர் மீட்டரை மறந்தார். ஓடி வந்தார்; வழுக்கினார்; மிச்சத் தூரத்தை உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். எழுந்து, பனிக்கட்டியைச் சுற்றி மெத்தென்ற பனியில், சாண் சாணாக, வாத்து நடப்பதுபோல அடி பதித்தார். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

"ஒண்டு... ரெண்டு..." என்று இப்போது அவரே எண்ணினார்.

அரியரத்தினத்தின் கால் அசைந்தது. ஒரு குழி, இன்னொரு குழி. வைதேகி பெல்ற்றை விடாமல் பின்னால் வந்தாள். மரவேலியைப் பிடித்த பிறகுதான் அரியரத்தினம் வாய் திறந்தார்.

"மச்சான், வைதேகியை விட நீ நல்லா வைக்கிறாய்."

"ஓம்," என்றாள் வைதேகி. "இனிப் புதன்கிழமையும் இவரே எண்ணட்டும்."

திரும்பும் நேரம் வந்தது. கூட வந்திருந்த பொறியியலாளர் மகேந்திரராஜா கையுறையை மாட்டியபடி நெருங்கினார்.

"கதிரண்ணை, களைச்சுப்போனியள். நான் முன்னால போறன்."

கதிர்காமநாதன் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உம்மட சப்பாத்து என்ன சைஸ்?"

"பத்து."

"குழி பெருத்துப்போகும். தள்ளி நில்லும்."